நெருப்புக்கு அளந்து ஊட்டியோர்

மண்ணெண்ணெய் விளக்கின் திரியை மிகத் தாழ்த்தினால் சுடர் அணைந்துவிடும்; மிக உயர்த்தினால் புகை எழுந்து கண்ணாடிக் கூண்டு கரியடைந்துவிடும். மின்விளக்கு வருவதற்கு முன், மாலைதோறும் விளக்கேற்றிய வீடுகளில் சிறுவர்களும் அறிந்திருந்த உண்மை இது. நெருப்புக்கு உணவு வேண்டும்; அவ்வுணவு அளவோடு வேண்டும். இந்த எளிய உண்மைதான் இருபதாம் நூற்றாண்டின் பெரும் படைப்புகளுள் ஒன்றைப் பல ஆண்டுகள் வாசலிலேயே நிறுத்தி வைத்தது என்றால் வியப்பாக இருக்கும். ஆயினும் அதுவே வரலாறு.

ஜெட் பொறி எனப்படும் தாரைப் பொறியின் பிறப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் முழக்கத்தையுமே பேசுவர். அப்பொறியின் எரியறைக்குள் எண்ணெயை எவ்வளவு, எந்த அழுத்தத்தில், எந்த வடிவில் செலுத்துவது என்ற சிக்கலைப் பேசுவோர் குறைவு. அதனைப் படைத்தோரின் உறக்கத்தைக் கெடுத்ததும், உடல்நலத்தைச் சிதைத்ததும், இறுதியில் வெற்றி தந்ததும் அச்சிக்கலே ஆகும்.

இளைஞரின் கனவு

பிராங்க் விட்டில் 1907-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் இங்கிலாந்தின் கவண்ட்ரி நகரில் பிறந்தார். தந்தையார் சிறு பட்டறை ஒன்றின் உரிமையாளர். அப்பட்டறையில் இரும்போடும் எந்திரத்தோடும் பழகி வளர்ந்த சிறுவனுக்கு வானூர்தியின்மீது தீராத வேட்கை உண்டாயிற்று. அரச வான்படையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர முயன்றபோது, உயரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். அவர் ஓய்ந்துவிடவில்லை. உடற்பயிற்சி செய்து உயரத்தைக் கூட்டிக்கொண்டு மீண்டும் முயன்று 1923-ஆம் ஆண்டில் இடம் பெற்றார். அங்கிருந்து தம் திறமையால் கிரான்வெல் கல்லூரிக்கு உயர்ந்து, அதிகாரியாகவும் விமானியாகவும் வெளிவந்தார்.

அக்கல்லூரியில் 1928-ஆம் ஆண்டில் அவர் எழுதிய ஆய்வுரை, வருங்கால வானூர்திகளைப் பற்றியது. காற்று மெலிந்த மிக உயரத்தில் பறந்தால் தடை குறையும், வேகம் கூடும் என்று அவர் கணக்கிட்டார். ஆனால் அக்காலத்து உந்துதண்டுப் பொறியும் சுழல்விசிறியும் அவ்வுயரத்தில் சோர்ந்துவிடும். இதற்கு வேறு வகைப் பொறி வேண்டும் என்ற எண்ணம் மறு ஆண்டில் முழு உருப் பெற்றது. முன்புறம் காற்றை உறிஞ்சி அழுத்தும் காற்றழுத்தி. நடுவில் எண்ணெயை எரிக்கும் எரியறை. அதன்பின், சூடேறிய வளியால் சுழன்று காற்றழுத்தியை ஓட்டும் சுழலி. எஞ்சிய வளி பின்புறக் குழாய் வழியே தாரையாகப் பாயும். அதன் எதிர்விசையால் வானூர்தி முன்செல்லும். சொல்லுக்கு இவ்வளவே. 1930-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தபோது விட்டிலுக்கு வயது 22.

வான் அமைச்சகம் அக்கருத்தை ஏற்கவில்லை. அவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் உலோகம் இல்லை, காற்றழுத்திகளின் திறன் போதாது என்பன அன்றைய அறிஞர்களின் எண்ணம். 1935-ஆம் ஆண்டு காப்புரிமையைப் புதுப்பிக்க ஐந்து பவுன் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. குடும்பச் செலவில் நெருக்குண்டிருந்த இளம் அதிகாரிக்கு அத்தொகையும் பெரிதாகத் தோன்றியது. அமைச்சகமும் கட்ட முன்வரவில்லை. காப்புரிமை காலாவதியாயிற்று. உலகின் வான்வழிகளையே மாற்றப்போகும் கருத்து ஐந்து பவுனுக்கு ஆளின்றி அனாதையாக நின்றது.

நண்பர்கள் அதைக் கைவிடவில்லை. பழைய வான்படைத் தோழர் இருவர் முதலீட்டாளர்களைத் தேடிப் பிடித்தனர். 1936-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 'பவர் ஜெட்ஸ்' என்னும் சிறு நிறுவனம் தோன்றியது. அப்போது விட்டில் கேம்பிரிட்ஜில் பொறியியல் மாணவர். அவ்வாண்டே முதல் வகுப்பில் தேறினார். பொறியை உருவாக்கும் பணி ரக்பி நகரத்தில் இருந்த பிரிட்டிஷ் தாம்சன் ஹூஸ்டன் தொழிற்சாலையிடம் ஒப்படைக்கப்பட்டது.

1937 ஏப்ரல் 12

நீராவிக் கொதிகலனில் எண்ணெய் எரிவதற்கும் தாரைப் பொறியில் எரிவதற்கும் மலையளவு வேறுபாடு உண்டு. கொதிகலனின் அடுப்பு அகன்றது. காற்று மெல்லச் செல்லும். எண்ணெய் நின்று நிதானமாக எரியலாம். தாரைப் பொறியிலோ காற்று புயலினும் விரைந்து பாய்கிறது. அக்காற்றின் நடுவே ஒரு சிறு அறைக்குள், ஒரு நொடியின் சிறு கூறுக்குள், எண்ணெய் நுண்துளியாகி, ஆவியாகி, காற்றோடு கலந்து, முழுதும் எரிந்து தீர வேண்டும். அக்காலத்து அடுப்புகளினும் பன்மடங்கு கடுமையான எரிதல் அது. எரியடுப்புத் தொழிலில் ஈடுபட்ட நிறுவனங்களிடம் விட்டில் இதைச் சொன்னபோது பெரும்பாலோர் இயலாது என்று கைவிரித்தனர். இசேக் லப்பக் என்பார் பிற்காலத்தில் துணைக்கு வரும்வரை, இருட்டில் தடவி வழி காண்பதாகவே அம்முயற்சி இருந்தது.

பகுதி பகுதியாகச் சோதிக்கப் பணமில்லை. ஆகவே முழுப் பொறியையே கட்டி ஓட்டிப் பார்ப்பது என்று துணிந்தனர். 1937-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் அப்பொறி முதன்முதலாக இயக்கப்பட்டது. மின்பொறியின் துணையால் அதைச் சுழற்றி, தொடக்கச் சுடரை ஏற்றி, நிமிடத்துக்கு 2,000 சுற்று அளவில் முதன்மை எண்ணெய் வால்வை விட்டில் திறந்தார். மறுகணமே பொறி அலறத் தொடங்கிற்று. சுற்று ஏறிக்கொண்டே போயிற்று. எரியறையின் மேல்தகட்டில் செந்தழல் நிறம் படர்ந்தது. விட்டில் வால்வை முடுக்கி மூடினார். மூடியும் பயனில்லை, வேகம் 8,000 சுற்று வரை ஏறிற்று. சுற்றி நின்றோர் ஓடி ஒளிந்தனர். விட்டில் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். அது வீரமன்று, அச்சத்தால் கால் எழவில்லை என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். சற்றுப் பொறுத்துப் பொறி தானாகவே தணிந்தது.

வால்வு மூடியபின்னும் பொறி எதை உண்டு ஓடியது? அடுத்த ஓட்டங்களிலும் இவ்வாறே நேர்ந்தபின் விடை கிடைத்தது. குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றுவதற்காக, தொடக்கத்திற்கு முன்பே எண்ணெய்ப் பம்பை ஓட்டுவது வழக்கமாக இருந்தது. அப்போது கசிந்த எண்ணெய் எரியறையின் அடியில் குளமாகத் தேங்கி நின்றது. பொறி சூடேறியதும் அக்குளம் தீப்பற்றிக் கொண்டது. வால்வு அளந்து கொடுத்த எண்ணெய் ஒருபுறம். யாரும் அளக்காத எண்ணெய் மறுபுறம். அளக்காத எண்ணெயே ஆட்சி செலுத்தியது. தேங்கும் எண்ணெய் வடிந்து வெளியேற எரியறையின் அடியில் வடிகுழாய் ஒன்று அமைத்ததும் அந்தக் கொடுமை நீங்கிற்று.

ஜெர்மனியில் ஒரு குறுக்கு வழி

இதே காலத்தில், விட்டிலைப் பற்றி அறியாத மற்றோர் இளைஞர் ஜெர்மனியில் இதே வழியில் நடந்துகொண்டிருந்தார். கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1935-ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்ற ஹான்ஸ் வான் ஓஹைன் அவர். தம் மோட்டார் வண்டியைப் பழுதுபார்த்து வந்த மாக்ஸ் ஹான் என்னும் கைத்தொழிலாளரின் துணையோடு, சொந்தச் செலவில் ஒரு மாதிரிப் பொறியைச் செய்தார். அது தானே ஓடவில்லை. ஊற்றிய பெட்ரோல் எரியறைக்குள் எரிந்து தீராமல், சுழலியையும் கடந்து வெளியே வந்து சுடர்விட்டது. பொறியின் அமைப்பு சரியாக இருந்தும் நெருப்பு தன் இடத்தில் நிற்கவில்லை.

வானூர்தித் தொழிலதிபர் எர்ன்ஸ்ட் ஹைங்கல் அவரைத் தம் தொழிற்சாலையில் சேர்த்துக்கொண்டார். ஓஹைன் அங்கே ஒரு நுட்பமான முடிவை எடுத்தார். எண்ணெயை எரிக்கும் சிக்கலை அப்போதைக்கு ஒதுக்கி வைத்து, ஹைட்ரஜன் வளியைக் கொண்டு 1937-ஆம் ஆண்டில் பொறியை ஓட்டிக் காட்டினார். ஹைட்ரஜன் முன்பே வளியாக இருப்பதால் துளியாக்க வேண்டியதில்லை, ஆவியாக்க வேண்டியதில்லை, எளிதில் பற்றும், விரைவில் எரியும். அக்காட்சி முதலாளிக்கு நம்பிக்கையூட்டியது. ஓஹைனுக்குக் காலம் தேடித் தந்தது. அந்தக் காலத்தைப் பயன்படுத்தித் திரவ எரிபொருள் எரியறையை வகுத்தார். 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், எரிக் வார்சிட்ஸ் செலுத்திய ஹைங்கல் 178 வானூர்தி தாரைப் பொறியின் ஆற்றலால் விண்ணில் எழுந்தது. உலகில் அதுவே முதன்மையானது.

துளியின் போராட்டம்

விட்டிலின் தோழர்கள் எண்ணெயைக் கைவிடவில்லை. 1938-ஆம் ஆண்டு அவர்களுடைய சோதனைக்கூடம் லட்டர்வொர்த் என்னும் சிற்றூருக்கு மாறியது. அவ்வாண்டு அக்டோபரில் ஓடிய மூன்றாம் அமைப்பில் ஒரே பெரிய எரியறைக்கு மாறாகப் பத்துச் சிறிய எரியறைகள் இருந்தன. இதனால் புதிய கடமை ஒன்று பிறந்தது. ஒரே பம்பு தரும் எண்ணெய் பத்து அறைகளுக்கும் ஒப்பப் பகிரப்பட வேண்டும். ஓர் அறைக்குச் சற்றுக் கூடினால் அதற்கு நேரே உள்ள பகுதி மட்டும் மிகச் சூடேறும். சுழலியின் இதழ்களுக்கு ஆபத்து.

அவர்கள் முதலில் நம்பியது ஆவியாக்கும் முறையை. காற்றடித்துக் கொளுத்தும் மண்ணெண்ணெய் அடுப்பைப் பயன்படுத்தியவர்களுக்கு இது நன்கு விளங்கும். அவ்வடுப்பில் எண்ணெய் செல்லும் குழாய், சுடரின் சூட்டிலேயே காய்ந்து எண்ணெயை ஆவியாக்கி விடுகிறது. அதே முறையில், எரியறையின் சுடருக்குள் மெல்லிய குழாய்களை வைத்து எண்ணெயை ஆவியாக்கினர். அடுப்பில் அடைப்பு ஏற்பட்டால் ஊசியால் குத்திச் சரிசெய்யலாம். பறக்கும் பொறியில் அது முடியுமா? குழாய்களுக்குள் கரி படிந்தது, சில அடைபட்டன, சில உருகின, சூடு ஒருபுறம் மிகுந்து ஒருபுறம் குறைந்தது. மாதக்கணக்கில் குழாய்களை வளைத்தும் மாற்றியும் பார்த்தனர்.

இடையே 1939-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் அரசு அறிவியல் இயக்குநர் வந்து, பொறி 16,000 சுற்றில் ஓடுவதை நேரிற் கண்டு மனம் மாறினார். பறக்கத்தக்க பொறி ஒன்றுக்கு அரசு ஆணை பிறந்தது. சில வாரங்களில் உலகப் போர் மூண்டது.

1940-ஆம் ஆண்டில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர் லப்பக் வேறு வழி காட்டினார். எண்ணெயைச் சுடரில் காய்ச்ச வேண்டாம். பம்பின் அழுத்தத்தாலேயே சிறு துளை வழியே சுழன்று பாயச் செய்து, பனிப்புகைபோல் தூவலாம் என்பது அவர் முறை. ஆவியாக்கும் வேலையைத் தளர்ந்த குழாய்களிடமிருந்து பிடுங்கி, உறுதியான பம்பிடமும் நுண்ணிய தூவுமுனையிடமும் ஒப்படைத்ததே அதன் சிறப்பு. எரிதலின் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. 1941-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் மாலை, கிரான்வெல் திடலில், விட்டிலின் டபிள்யூ-1 பொறி பூட்டிய குளோஸ்டர் வானூர்தியை ஜெர்ரி சேயர் 17 நிமிடம் ஓட்டிக் காட்டினார். பயிற்சி மாணவனாக இருந்தபோது விட்டில் ஆய்வுரை எழுதிய அதே ஊர் அது.

பம்பின் மீது ஏறிய சுமை

தீர்வு ஒன்று வந்தால் அதன் நிழலாகப் புதிய சிக்கலும் வரும். தூவுமுனை வழியே செல்லும் எண்ணெயின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப மாறுவது இயற்கை விதி. எண்ணெயை இருமடங்காக்க அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். பத்து மடங்காக்க நூறு மடங்காக வேண்டும். இதனால் முழு வேகத்திற்குப் பொருந்தும் தூவுமுனை, மெதுவாக ஓடும்போது நுண்துளி தூவாமல் சொட்டும். மெதுவான ஓட்டத்திற்குப் பொருந்தும் முனையோ, முழு வேகத்தில் பம்பை ஒடிக்கும் அழுத்தத்தைக் கேட்கும். வானூர்தி உயர ஏறும்போது இவ்வேறுபாடு இன்னும் விரியும். 12,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. காற்றுக் குறைந்தால் எண்ணெயும் குறைய வேண்டும். குறைக்காவிடில் பொறி வெந்துபோகும்.

ஆகவே பம்பு, கேட்டதைக் கேட்டபடி அள்ளிக் கொடுக்கும் வேலைக்காரனாக இருந்தால் போதாது. காற்றழுத்தத்தை அறிந்து அளந்து கொடுக்கும் கணக்கனாகவும் இருக்க வேண்டியதாயிற்று. சாய்தட்டின் கோணத்தை மாற்றி, உந்துதண்டுகளின் வீச்சைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல பம்புகள் தோன்றின. சிறிய துளையும் பெரிய துளையும் ஒன்றிணைந்த இரட்டைத் தூவுமுனைகள் வந்தன. மெதுவாக ஓடும்போது சிறிய துளை மட்டும் தூவும்; வேகம் கூடும்போது பெரியதும் சேர்ந்துகொள்ளும். இவையின்றிப் பறந்தோர் பட்ட துன்பமும் வரலாற்றில் உண்டு. போர்க்காலத்து ஜெர்மானிய மெசர்ஷ்மிட் 262 வானூர்தியில், விமானி எரிபொருள் நெம்புகோலைச் சற்று விரைந்து தள்ளினாலும் பொறி அணைந்துபோகும் அல்லது சுழலி தீய்ந்துபோகும். எதிரியின் முன்னிலும் அவர் பொறுமையாகவே கையை நகர்த்த வேண்டியிருந்தது.

பட்டறைக்குத் திரும்பிய பொறி

தாரைப் பொறிக்கு நெருங்கிய உறவுள்ள மற்றொரு கருவி உண்டு, அது டர்போசார்ஜர். பொறியின் கழிவுப்புகையால் சுழலியை ஓட்டி, அச்சுழலியால் காற்றை அழுத்தி அதே பொறிக்கு ஊட்டும் இம்முறைக்கு, ஆல்பிரட் பியூகி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். 1918-ஆம் ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்போர்ட் மாஸ், அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சியில், 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், இத்தகைய கருவியைச் சோதித்துக் காட்டினார். 1941-ஆம் ஆண்டில் விட்டிலின் பொறி அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, அதை உருவாக்கும் பணி ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் தரப்பட்டதற்கு அந்த டர்போசார்ஜர் அனுபவமே காரணம். மறு ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் முதல் தாரை வானூர்தி பறந்தது.

இவ்வுறவை வீட்டுப் பட்டறை ஆர்வலர்களும் கண்டுகொண்டனர். பெரிய லாரிகளின் பழைய டர்போசார்ஜரில் காற்றழுத்தியும் சுழலியும் ஒரே தண்டில் ஆயத்தமாக உள்ளன. இடையே எரியறை ஒன்றைப் பொருத்தினால் எளிய தாரைப் பொறியாகிறது. 1980-களில் ஜெர்மானியர் கூர்ட் ஷ்ரெக்லிங், ஒட்டுப்பலகையால் செய்த காற்றழுத்திச் சக்கரத்தைக் கொண்டே மாதிரி வானூர்திக்கான சிறு பொறியை உருவாக்கினார். இவர்கள் எல்லாரும் முதலில் சந்திப்பது விட்டில் சந்தித்த அதே கேள்வியை: எத்தகைய எண்ணெய்ப் பம்பு வேண்டும்?

அக்கேள்விக்கு விடை காணும் கணக்கு மாணவர்க்கும் எட்டக்கூடியது. நொடிக்கு கால் கிலோ காற்றை இழுக்கும் டர்போசார்ஜர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மண்ணெண்ணெய் முழுதும் எரிய, அதன் எடையைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு காற்றுப் போதும். ஆனால் அந்தக் கலவையின் வெப்பத்தைச் சுழலி தாங்காது. எனவே மொத்தத்தில் 60 மடங்கு காற்று அமையும்படி கொள்வர். மிகுதிக் காற்று தணிக்கும் நீர்போல் உதவும். அப்படியாயின் எண்ணெய் நொடிக்கு நான்கு கிராமுக்குச் சற்று மேல். மணிக்கு 15 கிலோ. ஏறத்தாழ 19 லிட்டர். அடுத்தது அழுத்தம். எரியறைக்குள் ஏற்கெனவே வெளிக்காற்றைவிட ஒரு வளிமண்டல அழுத்தம் மிகுந்திருக்குமானால், அதை முதலில் வெல்ல வேண்டும். பின்னர் நுண்துளியாகத் தூவ ஏழு வளிமண்டல அழுத்தம் என்று கொண்டால், பம்பு எட்டு தர வேண்டும். சற்றுப் பெரிய பம்பைத் தேர்ந்து, மிகுதியை வால்வு வழியே தொட்டிக்குத் திருப்பி விடுவது முறை.

இக்கணக்கில் மறைந்துள்ள உண்மை ஒன்று சிந்திக்கத்தக்கது. அந்தப் பம்பு எண்ணெய்க்குத் தரும் ஆற்றல் நான்கு வாட்டு அளவே. சிறு விளக்கொன்றுக்குத்தான் போதும். ஆனால் அது அளந்து கொடுக்கும் எண்ணெய் எரிந்து வெளியிடும் வெப்பமோ ஏறத்தாழ 180 கிலோவாட்டு. நாற்பதாயிரம் மடங்குக்கு மேற்பட்ட ஆற்றலை அச்சிறு கருவி தன் பிடியில் வைத்திருக்கிறது. பம்பு சரியாகக் கொடுத்தால் சுழலிக்கு முன் வெப்பநிலை சுமார் 750 டிகிரி செல்சியஸ். ஒன்றரை மடங்கு கொடுத்தால் அது 1,000 டிகிரியைத் தாண்டி உலோகத்தை அழிக்கும். பற்ற வைக்கும் முன்னே எண்ணெயைத் திறந்து வைத்தாலோ, 1937-இல் ரக்பியில் தேங்கிய அதே குளம் மீண்டும் தேங்கும். பொறி சிறிதானாலும் தண்டனை சிறிதன்று.

முடிவாக

விட்டிலின் உழைப்புக்கு விலை இருந்தது. இடையறாத கவலையால் அவருடைய உடலும் உள்ளமும் நலிந்தன. அவர் வளர்த்த நிறுவனம் 1944-ஆம் ஆண்டில் அரசுடைமையாயிற்று. 1948-ஆம் ஆண்டில் ஒரு லட்சம் பவுன் பரிசும் 'சர்' பட்டமும் கிடைத்தன. ஐந்து பவுனுக்குக் காப்புரிமையை இழந்த காலத்திற்கும் இதற்கும் இடையே 13 ஆண்டுகள். விட்டிலும் ஓஹைனும் முதுமையில் நேரிற் சந்தித்து நண்பர்களாயினர். 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிரேப்பர் பரிசு இருவருக்கும் இணைத்தே வழங்கப்பட்டது. விட்டில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார்.

பெருங்கருத்து ஒன்று ஓர் இரவில் தோன்றலாம். ஆனால் அது உலகில் நடமாட வேண்டுமானால், யாராவது ஒருவர் அதன் துளிகளை எண்ணியாக வேண்டும். 1930-இல் விட்டிலின் வரைபடம் முழுமையாகவே இருந்தது. அதில் எரியறை என்று குறித்த சிறு கட்டத்துக்குள் எண்ணெயை அளந்து ஊட்டக் கற்றுக்கொள்ள மேலும் பத்தாண்டுகள் ஆயின. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது முன்னோர் மொழி. அளவிற்குக் குறைந்தால் சுடரும் அணையும் என்பதை இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். இவ்விரண்டிற்கும் நடுவே உள்ள குறுகிய வழியைப் பொறுமையோடு கண்டறிந்தவர்களால்தான், இன்று மனிதர் கடல் கடந்து ஒரு பகலில் உற்றாரைக் காணச் செல்கின்றனர்.